சாகாதவருக்கு வந்த லொறி

நேசராணியை யாரும் வைய வேண்டாம். அவள் போனில் சொன்னது கொஞ்சம்தான்.

"அத்தான், நாளைக்குக் காலையிலயே கெளம்பி வந்துருங்க. போன்ல சொல்ற விஷயம் இல்ல. வீட்டுல ஒரு ஆம்பள ஆளு நிக்கணும்."

அதற்குமேல் பேச அவளுக்கு வாய் வரவில்லை. அந்தப் பக்கம், கொஸ்லந்தைத் தேயிலைத் தோட்டத்தில், அவள் கணவனின் அண்ணன் சவரிராஜ் மறுகேள்வி கேட்கவில்லை. "சரிம்மா, மனச விட்டுறாத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

இங்கேதான் கோளாறு. எங்கள் தோட்டத்து ஜனங்கள் செத்த செய்தியைப் போனில் நேராகச் சொல்வதில்லை. கேட்கிறவர் பஸ்ஸில் தனியாக வந்து சேரவேண்டுமே என்ற பயம். "கொஞ்சம் சீரியஸ்" என்பார்கள். "சும்மா ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்பார்கள். "போன்ல சொல்ற விஷயம் இல்ல" என்று சொல்லிவிட்டால் அப்புறம் சந்தேகமே கிடையாது. கேட்டவர் வெள்ளை வேட்டியைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்த நேசராணிக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் வெட்கம் ஆளைப் பிடித்துக்கொண்டால் தெரிந்தது எதுவும் அந்த நேரத்துக்கு உதவுவதில்லை.

வெட்கத்துக்குக் காரணம் இதுதான். அவள் கணவன் ஞானசீலன் லயத்தில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் பிறந்து, பண்டாரவளையில் ஸ்கூல் வேன் ஓட்டி, வங்கிக் கடனில் டவுனில் சொந்த வீடு கட்டியவன். அந்தக் குடும்பத்திலேயே முதல் ஆள். அப்புறம் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. வாரத்துக்கு இரண்டு நாள் பதுளை ஆஸ்பத்திரியில் மெஷினோடு படுக்க வேண்டியதாயிற்று. வேனை விற்றார்கள். மருந்துக்கும் போக்குவரத்துக்கும் அது கரைந்தது. வீட்டுத் தவணை நின்றது. மறுநாள் முற்பகல், அந்த வீட்டு வாசலிலேயே ஏலம்.

நேசராணிக்கு அத்தானிடம் ஒரே ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. மாமனார் இருந்த லயத்துக் காம்பராவைத் திரும்பத் தங்களுக்குத் திறந்துவிடச் சொல்லிக் கேட்கவேண்டும். இந்தப் புது வீட்டை ஃபாதர் ஜெபம் பண்ணி மந்திரித்த அன்று, வந்திருந்த சொந்தபந்தம் அத்தனை பேர் காதிலும் விழும்படி "இனிமே லயத்துப் பக்கம் நான் காலெடுத்து வைக்க மாட்டேன், சாமி" என்று சிரித்தவள் அவள். அந்த வாயால் அதைப் போனில் எப்படிக் கேட்பாள்?

*

மறுநாள் காலையிலிருந்தே மூடுபனி. எதிர்வீடு கூடத் தெரியவில்லை.

வங்கிக்காரர்கள் கேட்டில் ஒட்டியிருந்த ஏல அறிவித்தல் மட்டும் அந்தப் பனியிலும் பளிச்சென்று தெரிந்தது. மூன்று மொழியிலும் ஞானசீலன் பெயரைப் போட்டிருந்தார்கள். நேசராணி உள்ளே போய், கணவனுக்காக வாங்கிய வெள்ளைப் படுக்கை விரிப்பை நனைத்துக்கொண்டு வந்து கேட்டின் மேல் விரித்துப் போட்டாள். அறிவித்தல் மறைந்தது.

மகள் நிலக்ஷனா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். டவுனில் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். இன்றைக்கு லீவு போட்டிருந்தாள்.

"ஏம்மா, கேட்டுல கொண்டுபோய் விரிப்பக் காயப்போடுறீங்க? பின்னுக்குக் கொடி இருக்குதானே?"

"அங்கதான் வெயிலு விழும்."

"இன்னைக்கு பண்டாரவளையில வெயிலா?"

"உனக்கு வாய் கூடிப்போச்சு நிலக்ஷனா. போ, அப்பாவுக்கு மாத்திரை குடுத்தியான்னு பாரு."

"எழவு வீட்டுலதான் கேட்டுல வெள்ளத் துணி கட்டுவாங்கம்மா. பாக்கறவங்க என்னன்னு நெனப்பாங்க?"

"என்னவும் நெனச்சுட்டுப் போகட்டும். அந்தப் பேப்பர வாசிக்காம இருந்தாச் சரி."

அறைக்குள் ஞானசீலன் ஜன்னலோரம் கட்டிலில் சாய்ந்திருந்தான். நேற்றுத்தான் மெஷினில் படுத்து வந்த உடம்பு. இடது கையில் ஊசி ஏற்றிய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"அந்தாளுங்க வரும்போது நான் வெளிய வாறேன், ராணி."

"வேணாங்க. நீங்க இங்கயே இருங்க. ஒங்க அண்ணன் வாறாரு, அவரு நின்னாப் போதும்."

"அண்ணனுக்குச் சொல்லிட்டியா? ஏலம்னு?"

"வந்ததும் சொல்லிக்குவோம்."

உடம்புக்காக மட்டும் அவள் தடுக்கவில்லை. வேன் ஓட்டிய காலத்தில் ஆளே வாசலை அடைத்துக்கொண்டு நிற்பான். இப்போது அதே சட்டைக்குள் பாதி ஆள்தான் இருக்கிறான். ஏலம் கேட்க வருகிறவர்கள் வீட்டோடு சேர்த்து அவனையும் பார்த்துவிட்டுப் போவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

*

ஏலக்காரர் ஒரு வயதான சிங்களப் பெரியவர். கோட்டுப் போட்டிருந்தார். கூடவே வங்கி அதிகாரி ஒருவர், இளவயது, கழுத்தில் அடையாள அட்டை. ஏலம் கேட்க நான்கைந்து பேர் றோட்டு ஓரமாய் நின்று, வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சுவரைத் தட்டிப் பார்த்தான். நேசராணிக்குத் தன் முதுகில் தட்டியது மாதிரி இருந்தது.

ஏலக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃபைலைத் திறந்தார். அப்போதுதான் மேட்டில் ஒரு லொறி உறுமிக்கொண்டு ஏறி வந்தது.

தோட்டத்து லொறி. பின்னால் நாற்பது பேராவது இருப்பார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல், அன்றைய சம்பளத்தை இழந்து வந்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் கதிரைகள், கூடாரத் துணி, பெரிய தேயிலைப் பானை, கறுப்புச் சிலுவை ஒன்று. லொறி நிற்கவும் முன்னால் இருந்த பெண்கள் கேட்டில் கிடந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார்கள்.

போதாதா? ஒரே நேரத்தில் அத்தனை தொண்டையும் திறந்துகொண்டது.

"அய்யோ எங்க ராசா! வேன் ஓட்டிக்கிட்டு வருவியே, இப்பிடிக் கெடக்குறியே!"

நேசராணி அசந்துபோனாள். "என்னத்துக்கு..." என்று தொடங்குவதற்குள் நான்கு பேர் அவளைக் கட்டிக்கொண்டார்கள். ஒருத்தி அவள் தோளில் முகத்தை வைத்து அழுதாள். இன்னொருத்தி அவள் கொண்டையை அவிழ்த்தே விட்டாள்.

சவரிராஜ் கண்களைத் துடைத்துக்கொண்டே இறங்கி, கோட்டுப் போட்டவரைப் பார்த்ததும் கும்பிட்டார். "தம்பிக்காகப் பெரிய தொரமாரெல்லாம் வந்திருக்கீங்க. ரொம்ப நன்றிங்க. ஒக்காருங்க. டேய், ஐயாவுக்குக் கதிரையப் போடுங்கடா!"

கதிரை வந்தது. ஏலக்காரர் உட்காரவில்லை. பதறிப்போய்க் கண்ணாடியைக் கழற்றினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேசராணியிடம் வந்தார்.

"அனே, அம்மா! ஐயா மோசம் போயிட்டதா? நமக்கு யாருமே சொல்ல இல்லையே. சாவு வீட்டுல ஏலம் கூற ஏலாது, அம்மா. பாவம். நாம வேற தேதி எடுப்போம். ஐயா மோசம் போனது உண்மைதானே?"

வேற தேதி.

அந்த இரண்டு சொல்லும் நேசராணியின் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. வேறு தேதி என்றால் ஒரு மாதம் கிடைக்கலாம். இரண்டு மாதமும் கிடைக்கலாம். இந்தச் சனத்துக்கு முன்னால் வீடு ஏலம் போகாது. ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். சும்மா நின்றால் போதும்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பொய் சொன்னாள் என்று சொல்ல முடியாது. ஆனால் புருஷன் உயிரோடு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்க, செத்தானா என்று கேட்டவருக்குத் தலையைக் குனிந்த பெண்சாதியை வேறு என்னவென்று சொல்வது? அவளுக்கே அந்த நிமிஷம் தன்மேல் அருவருப்பாக இருந்தது. நிமிரத்தான் முடியவில்லை.

"அம்மா!" என்றாள் நிலக்ஷனா.

"சும்மா இரு."

"அம்மா, நீங்க என்ன..."

"வாய மூடுன்னு சொல்றேன்."

நிலக்ஷனா தாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். ஏலக்காரர் ஃபைலை மூடினார். ஏலம் கேட்க வந்தவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பின்வாங்கினார்கள்.

சவரிராஜ் படியேறி வந்தார். "ராணி, தம்பிய எங்கம்மா கெடத்தியிருக்கு? நான் மொகத்தப் பாக்கணும்."

"கொஞ்சம் இருங்க அத்தான்."

"குளிப்பாட்டுறாங்களா?"

அவள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். அவர் அதையும் ஆமாம் என்றே எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றார்.

*

அறைக்குள் ஞானசீலன் எழுந்து உட்கார்ந்திருந்தான். ஜன்னலுக்குத் திரையாகப் போட்டிருந்த சேலையை விரலால் ஒதுக்கிப் பிடித்திருந்தான்.

"அப்பா, நான் போய்ச் சொல்லிர்றேன். அவங்க நீங்க..."

"பாத்தேன்மா."

"அம்மா ஒண்ணுஞ்சொல்லலப்பா. அவங்கதான் தப்பா..."

"ஒங்கம்மா தலையக் குனிஞ்சதையும் பாத்தேன்."

நிலக்ஷனா வாசல் பக்கம் திரும்பினாள். அதற்குள் ஜன்னலுக்கு வெளியே ஒரு பேச்சு எழுந்தது. தோட்டத்து மரண உதவிச் சங்கத்துப் புதுப் பொருளாளர் றுஷாந்தன், சின்னப் பையன்தான், சவரிராஜிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. இவரு டவுனுக்கு வந்த கையோட சங்கத்த விட்டுட்டாருன்னு சொல்றாங்க. கூடாரம் கதிரை பரவால்ல. பெட்டிக்குக் குடுக்கணும்னா ஆளுங்க கேப்பாங்க..."

"யார்றா சொன்னது விட்டுட்டான்னு?"

"அவரேதான் சொன்னாராம். டவுன்ல சாகுறவனுக்குத் தோட்டத்துச் சங்கம் எதுக்குன்னு."

"சொன்னான்தான். சொன்னா? அவன் பங்க அன்னையில இருந்து நான் கட்டிக்கிட்டு வாறேன். என் தம்பி தூக்க ஆளில்லாமக் கெடப்பானா? அவனுக்கு நெனப்பில்லேன்னா எனக்குமா இல்லாமப் போயிரும்?"

ஞானசீலன் சேலையை விட்டான். அந்த வார்த்தையை அவன் சொன்னது உண்மை. புது வேன் வாங்கிய திமிரில் சொன்னான்.

"புள்ள, அந்த நீலச் சட்டைய எடு."

"அப்பா, நீங்க இப்ப வெளிய போனீங்கன்னா அவங்க ஏலத்த..."

"எடும்மா. இதுக்குமேல செத்துக்கிட்டு என்னால இங்க ஒக்கார முடியாது."

*

அவன் வாசலுக்கு வந்து நின்றதும் முதலில் பார்த்தவள் ஒரு கிழவி. "மாதாவே!" என்று அலறிக்கொண்டு செடிக்குள் பாய்ந்தாள். ஒப்பாரி பாதியில் அறுந்தது. தேயிலைப் பானையைத் தூக்கி வந்த இருவரும் அப்படியே கீழே வைத்துவிட்டார்கள். நல்ல வேளை, கொட்டவில்லை.

சவரிராஜ் தம்பியை மேலும் கீழும் பார்த்தார். கையைப் பிடித்துப் பார்த்தார். சூடு இருந்தது. பளார் என்று முதுகில் ஒரு அடி வைத்தார். அப்புறம் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

"பாவிப் பயலே! கொஸ்லந்தையில இருந்து அழுதுகிட்டே வாறேன்டா!"

"அண்ணே, விடுங்க. மூச்சு முட்டுது."

காருக்குள் ஒரு காலை வைத்துவிட்ட ஏலக்காரரைப் பார்த்து ஞானசீலன் குரலை உயர்த்தினான். உயர்த்தினால் அவனுக்கு இருமல் வரும். வந்தது. இருமி முடித்துச் சொன்னான்.

"ஐயா, போகாதீங்க. நான் சாகல. ஏலத்த நடத்துங்க."

"ஏலமா?" சவரிராஜ் திரும்பினார். "என்னா ஏலம்?"

"இந்த வீடுதான் அண்ணே. கட்ட முடியல."

நாற்பது பேரும் நேசராணியைப் பார்த்தார்கள். அவள் அவிழ்ந்த கொண்டையோடு சுவரோடு சுவராக நின்றாள். பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்று இருந்தது. யாராவது திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை.

"இதுக்கா வரச் சொன்ன?" என்றார் சவரிராஜ்.

"ஆமா அத்தான்."

"சாவுன்னா லொறி புடிச்சு வந்துட்டோம். இதுன்னு சொல்லியிருந்தா வரமாட்டோமாம்மா?"



*

ஏலக்காரருக்கு வேறு வழியில்லை. ஃபைலைத் திறந்து, சிங்களத்திலும் தமிழிலும் வாசித்தார். இழவுக்கென்று வந்த கதிரைகளில் தோட்டத்து ஆட்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் போக நினைக்கவில்லை. ஏலம் கேட்க வந்தவர்கள் அந்த முகங்களுக்கு நடுவில் நின்று நெளிந்தார்கள்.

நேசராணி கணவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் செத்துட்டதாவே வச்சுக்கிட்டா ஒனக்குக் கொஞ்சம் நாள் கெடச்சிருக்கும்ல, ராணி?" மெதுவாகத்தான் கேட்டான்.

"அய்யோ, அப்பிடிச் சொல்லாதீங்க." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வெக்கத்துல பண்ணிட்டேங்க. வெக்கம் கெட்ட வேலையா முடிஞ்சிருச்சு. என்ன அடிச்சாக் கூட வாங்கிக்குவேன்."

"அடிக்கத் தெம்பிருந்தா வேன ஓட்டியிருப்பேனே" என்றான். அவள் அழுதுகொண்டே அவன் கையைப் பிடித்தாள்.

ஏலக்காரர் விலை கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். சுவரைத் தட்டிப் பார்த்த ஆள் கூடத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். கடைசித் தடவையும் கேட்டுவிட்டு ஃபைலை மூடினார்.

தோட்டத்து ஆட்களுக்குள் ஒரு சந்தோஷ முணுமுணுப்பு ஓடியது. வீடு தப்பிவிட்டது என்று நினைத்தார்கள். வங்கி அதிகாரி ஞானசீலனிடம் வந்தார். தமிழ்ப் பையன்தான். முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"யாரும் கேக்கலேன்னா வங்கியே எடுத்துக்கும், ஐயா. அதுதான் முறை. காலி பண்ணச் சொல்லி அறிவித்தல் வரும். அதுவரைக்கும் நீங்க மூணு பேரும் இருக்கலாம். புது ஆளுங்க யாரையும் குடி வைக்கக் கூடாது. வச்சா ஒடனேயே பொலிஸோட வருவாங்க. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

முணுமுணுப்பு அடங்கியது.

இனி மறைக்க என்ன இருக்கிறது? நேசராணி மூக்கைச் சிந்திக்கொண்டு நேராகச் சவரிராஜ் முன்னால் போய் நின்றாள். அத்தனை பேருக்கும் கேட்கட்டும் என்றே கேட்டாள்.

"அத்தான், மாமாவோட காம்பராவ எங்களுக்குத் தொறந்து விடுங்க. நான் அன்னைக்கு வாய்க்கொழுப்புல பேசுனதையெல்லாம் மனசுல வைக்காதீங்க. லயத்துக்கே வந்துர்றோம்."

இவ்வளவு நேரம் கத்தியும் அழுதும் கொண்டிருந்த சவரிராஜ் இப்போது றுஷாந்தனைப் பார்த்தார். அவன் வேறு பக்கம் பார்த்தான். கதிரைகளில் இருந்த பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"என்னாங்க அத்தான்? குடுக்க மாட்டீங்களா?"

"காம்பரா இல்லம்மா."

"யாருக்காச்சும் குடுத்துட்டீங்களா?"

"லயமே இல்ல, ராணி. போன மழையில மேல்பக்கம் மண்ணு எறங்கிருச்சு. செவுரெல்லாம் வெடிச்சுருச்சு. இனி இதுல இருக்கவே கூடாதுன்னு எழுதி ஒட்டிட்டாங்க. மூணு மாசமா எல்லாரும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துலதான் படுத்திருக்கோம்."

"நீங்க நல்லா இருக்கோம்னுதானே சொன்னீங்க? வாராவாரம் கேட்டேனே!"

"நோயாளி வீடு. எப்பிடிம்மா சொல்றது?" அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "டவுன் வீட்டுத் தம்பிகிட்ட கையேந்த வந்துட்டான்னு நெனச்சுருவியோன்னு கூச்சமாப் போச்சு."

ஞானசீலன் படியில் உட்கார்ந்துவிட்டான். அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மழை தூற ஆரம்பித்தது. சவரிராஜின் மருமகள் இடுப்பில் இருந்த கைக்குழந்தைக்குச் சேலையால் முக்காடு போட்டாள். அவளை நேசராணி இப்போதுதான் கவனித்தாள். குழந்தை பிறந்ததே அவளுக்குப் போனில் கேட்ட செய்திதான். இன்னும் போய்ப் பார்க்கவில்லை. குழந்தைக்குச் சளி. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"இது இந்த நெஞ்சுச் சளியோடயா பள்ளிக்கூடத் தரையில படுக்குது?"

"ஆமாங்க அத்த."

நேசராணி யோசித்தாள் என்று சொன்னால் அது பொய். குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அத்தான், எல்லாரும் உள்ள வாங்க. நிலக்ஷனா, முன்னறையில இருக்குற சாமானையெல்லாம் ஒதுக்கு. இன்னைக்கு யாரும் திரும்பிப் போகப்படாது."

"அம்மா, அந்த சார் இப்பத்தான்..."

"காதுல விழுந்துச்சு. ஒதுக்குடி."

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு அந்தச் செடிக்குள் பாய்ந்த கிழவி எழுந்து, பாதம் துடைத்து, உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். மந்திரித்த அன்றைக்குப் பிறகு அந்த வாசலில் இத்தனை செருப்பு கிடந்ததில்லை.

காரின் கதவைத் திறந்த வங்கி அதிகாரி, திரும்பிப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு மழைக்குள் வேகமாக நடந்து வந்தார்.

"அம்மா! இவங்கல்லாம் யாரு? இப்பத்தானே சொன்னேன். இவங்க இங்க இருக்கப் போறாங்களா?"

ஞானசீலன் எழுந்திருக்கப் பார்த்தான். நேசராணி அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"ஆமா சார்," என்றாள். "இருக்கப் போறாங்க."